ரெண்டு விரலும் ஒரு கையெழுத்தும்

டொராண்டோவில் பனி கொட்ட ஆரம்பித்தால் ஊரிலிருந்து மாமாவின் போன் வந்துவிடும். "மாப்ளே, காதைக் கட்டிக்கிட்டியா?" என்றுதான் ஆரம்பிப்பார். போனை இடது கையில் பிடித்திருப்பார் என்று எனக்குத் தெரியும். வலது கையில் ரெண்டு விரல் கிடையாது.

ராபர்ட்சன்பேட்டைக்காரர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோலார் தங்கவயலில் சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28-ந் தேதியோடு மூடிவிட்டார்கள். அதற்கப்புறம் எங்கள் ஊரில் பல பேருக்கு விடிகாலை மாரிக்குப்பம் ரயில்தான் கதி. பெங்களூர் போய் கிடைத்த வேலையைப் பார்த்துவிட்டு ராத்திரி வீடு திரும்ப வேண்டும். மாமா ஏழு பேர் வேலை செய்த ஒரு பட்டறைக்குப் போனார். 2004-ல் பவர் பிரஸ் மெஷினில் விரல்கள் போயின. அப்போது அவருக்கு வயசு 40, சம்பளம் மாதம் 3,000 ரூபாய்.

முதலாளி ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொண்டார். கையில் 8,000 ரூபாய் கொடுத்து, இனி எந்தப் பாக்கியும் இல்லை என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். மாமா அதன் நகலை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். நான் பி.காம். முடித்து பேங்க்கில் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. குடும்பத்தில் படித்தவன் நான்தான். நான் சொன்னது இது: "விடுங்க மாமா. நல்ல மனுஷன், இந்த அளவுக்காவது கொடுத்தாரே."

இத்தனை வருஷம் கழித்தும் என்னை உறுத்துவது அந்த வார்த்தைதான்.

கணக்கை நீங்களே பாருங்கள். 1923-ம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி, மாதச் சம்பளத்தில் 60 சதவீதம், அதாவது 1,800 ரூபாய். 40 வயதுக்குச் சட்டம் கொடுத்திருக்கும் பெருக்கு எண் 184.17. பெருக்கினால் 3,31,506. ஒரு கையில் ரெண்டு விரல் போனால் 20 சதவீத இழப்பு என்று சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. ஆக வரவேண்டியது 66,301 ரூபாய். அடுத்தவர் கடனுக்கு வட்டி போடுவதே தொழிலாக இருந்த எனக்கு, இந்த ஒரு பெருக்கலைப் போடத் தோன்றவில்லை.

அந்தக் கையெழுத்து? இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 17-வது பிரிவு சொல்கிறது. ரெண்டு வருஷத்துக்குள் இழப்பீட்டு ஆணையரிடம் மனு கொடுத்திருக்கலாம். எனக்கு இது தெரிந்தது 2008-ல், லோன் கேட்டு வந்த ஒரு தொழிற்சங்கக்காரர் சொல்லி. தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கவும் வழியுண்டு என்றார். ஓடிப்போய் மாமாவிடம் சொன்னேன். "போதும் மாப்ளே, நீதானே விடச் சொன்னே" என்று சிரித்துவிட்டார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நம்மவர்களிடம் ஒரு குணம் உண்டு. மேலே இருப்பவர் ஒரு முடிவு சொல்லிவிட்டால் அது தலையெழுத்து, எதிர்த்துக் கேட்டால் நன்றி கெட்டத்தனம். முதலாளிகள் அப்படி நினைப்பதில்லை. ஒரிசாவில் ஜெய்ப்பூர் என்ற ஊரில், சினிமா தியேட்டர் வேலையில் விழுந்து இடது கையை இழந்தார் ஒரு தச்சர். வருஷம் 1969. ஆணையர் முழு ஊனம் என்று இழப்பீடு கொடுக்கச் சொன்னார். போனது ஒரு கைதானே, பாதி ஊனம்தானே என்று சுப்ரீம் கோர்ட் வரை போனது முதலாளி! ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது, எனவே முழு ஊனம்தான் என்று 1975-ல் தீர்ப்பு வந்தது. பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கு என்று இன்றைக்கும் எடுத்துக்காட்டுகிறார்கள்.

எங்கள் ஊர்ச் சுரங்கத்திலும் அதே பாடம்தான். இருமலைத் தலைவிதி என்று விட்டிருந்தால் அது இருமலாகவே போயிருக்கும். 1940-களில் 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது 43.7 சதவீதம் பேருக்கு சிலிக்கோசிஸ் இருந்தது தெரிந்தது. கல்தூசி நுரையீரலை அரிக்கும் அந்த நோய், இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது.

வழக்கு என்றால் வருஷக்கணக்கில் இழுக்கும், இருக்கிற வேலையும் போகும் என்பீர்கள். பொய்யில்லை, தச்சருக்கே ஆறு வருஷம் ஆனது. எல்லோரும் சண்டைக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. விட்டுக்கொடுப்பதானாலும் எவ்வளவை விடுகிறோம் என்று தெரிந்து விடுங்கள். மாமா விட்டது 58,301 ரூபாய். அவருக்கு அது தெரியாது.

கடைசித் தேதியையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இந்தியாவில் ஆணையர் உத்தரவை எதிர்த்து ஹைகோர்ட் போக 60 நாள். அங்கே முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் எடுப்பார்கள். அதனால் டாக்டர் சான்றிதழ், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் ஆணையரிடமே கொடுத்துவிட வேண்டும். பழைய சட்டம் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது, புது விதிகளை விசாரித்துக்கொள்ளுங்கள். இ.எஸ்.ஐ. இருந்தால் வழி வேறு. இங்கே ஒண்டாரியோவில் பெரும்பாலான முடிவுகளை எதிர்க்க 6 மாதம் தருகிறார்கள், வேலைக்குத் திரும்புவது பற்றிய முடிவென்றால் 30 நாள்தான். யூனியன் இல்லாதவர்களுக்கு இலவசமாக உதவ அரசு அலுவலகமே இருக்கிறது.

ஊரிலோ இங்கேயோ, உங்கள் வீட்டில் யாராவது இப்படி ஒரு தாளோடு வந்து நின்றால், தயவுசெய்து "விடுங்க" என்று சொல்லாதீர்கள். முதலில் ஒரு கால்குலேட்டரை எடுங்கள்.