தோற்ற அணியின் நிழற்படம்

நம் கல்லூரி உடற்கல்வித் துறைக்குச் செல்லும் நடைவழிச் சுவரில் சட்டமிட்ட நிழற்படங்கள் வரிசையாகத் தொங்குவதைப் பலரும் கண்டிருக்கலாம். நடுவிலே கோப்பை, அதன் இருபுறமும் நாற்காலிகளில் தாளாளரும் முதல்வரும் உடற்கல்வி இயக்குநரும், பின்வரிசையில் கைகட்டி நிற்கும் இளைஞர்கள். அடியிலே ஆண்டும் போட்டியின் பெயரும் ஆட்டக்காரர் பெயர்களும். அச்சுவரைக் கடக்குந்தோறும் நமக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. ஆண்டுகளுக்கிடையே இடைவெளிகள் இருக்கின்றனவே, அவ்வாண்டுகளில் நம் மாணவர் பந்தாடவே இல்லையா? ஆடினார்கள்; தோற்றார்கள். தோற்றவர்க்குச் சட்டமும் இல்லை, ஆணியும் இல்லை.

இவ்வையத்தோடு இருந்த நமக்குச் சென்ற கோடை விடுமுறையில் அமெரிக்க நூலொன்று கைக்குக் கிட்டியது. எச். ஜி. பிஸிங்கர் என்னும் இதழாளர் 1990-இல் வெளியிட்ட 'ஃப்ரைடே நைட் லைட்ஸ்' என்பது அதன் பெயர். டெக்சாஸ் மாநிலத்தின் ஒடெசா என்னும் எண்ணெய் நகரில் பெர்மியன் உயர்நிலைப் பள்ளியின் கால்பந்துக் குழு 1988-இல் ஆடிய ஒரே ஒரு பருவத்தைச் சொல்வது அது. அந்நாட்டில் கால்பந்து என்றால் நாம் அறிந்த ஆட்டமன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும், தலைக்கவசமும் தோட்கவசமும் அணிந்த பதினொருவர் மற்றொரு பதினொருவரை மோதித் தள்ளி, நான்கு முயற்சிக்குள் பத்துக் கஜம் முன்னேறப் பாடுபடும் ஆட்டம். வெள்ளிக்கிழமை இரவுகளில் பள்ளிகளுக்கிடையே நடக்கும். அதைக் காண ஊரே திரளும். பெர்மியன் ஆடும் அரங்கில் ஏறத்தாழ இருபதாயிரம் பேர் அமரலாம் என்று படித்தபோது, நம் பள்ளிப் பருவத்தில் எல்லைக்கோட்டுக்குச் சுண்ணாம்பு கிடைக்காமல் சாம்பல் தூவிய திடல் நினைவிற்கு வந்தது.

அந்நூலில் நம் நெஞ்சைத் தைத்த செய்தி ஒன்று உண்டு. அப்பள்ளியின் ஆங்கிலத் துறைக்குக் கற்பித்தற் கருவிகள் வாங்க ஒதுக்கிய தொகையைக் காட்டிலும், விளையாட்டு மாணவர்க்கான மருத்துவப் பொருள்களுக்குச் செலவிட்ட தொகை மிகுதியாம். மொழித்துறை ஆசிரியர் என்ற முறையில் இதைப் படித்து நாம் சினந்தோம் என்பதை மறைக்கவில்லை. ஆனால் மருந்துக்கு அத்தனை செலவாகும் ஆட்டத்தைப் பதினேழு வயதுப் பிள்ளைகளிடம் ஊர் ஏன் கேட்கிறது என்ற வினா, சினம் தணிந்த பின்னரே எழுந்தது.

அப்பருவத்தின் கதை இதுதான். அணியின் நம்பிக்கை நட்சத்திரமாக விளங்கிய ஜேம்ஸ் மைல்ஸ் என்னும் கறுப்பின இளைஞர், பருவம் தொடங்குமுன் நடந்த பயிற்சியாட்டத்திலேயே முழங்கால் சிதைந்து வீழ்ந்தார். அவரைத் தம்மிடம் சேர்க்க மடல் மேல் மடல் விடுத்த பல்கலைக்கழகங்கள் ஓய்ந்தன. அண்டை நகர்ப் பள்ளியொன்றிடம் ஒரே புள்ளியில் தோற்ற இரவு, பயிற்சியாளர் கேரி கெய்ன்ஸ் வீட்டு முற்றத்தில் 'வீடு விற்பனைக்கு' என்ற பலகைகளை யாரோ நட்டுச் சென்றனர். மூன்று பள்ளிகள் சமநிலையில் நிற்க, நள்ளிரவில் நாணயம் சுண்டி இரண்டைத் தேர்ந்தனர். பெர்மியன் தப்பியது. இறுதியில் அரையிறுதி ஆட்டத்தில் டாலஸ் கார்ட்டர் பள்ளியிடம் 9-க்கு 14 என்ற கணக்கில் தோற்றது. வென்ற கார்ட்டர் பள்ளியோ மாநிலப் பட்டத்தையும் பெற்று, பின்னர் ஓர் ஆட்டக்காரரின் அல்ஜீப்ரா மதிப்பெண் பற்றிய வழக்கில் அப்பட்டத்தை இழந்தது. இறுதியாட்டத்தில் தோற்ற கான்வர்ஸ் ஜட்சன் பள்ளிக்கு அது சேர்ந்தது.

இதைவிட வியப்பானது ஒன்று. அடுத்த ஆண்டே, 1989-இல், அதே கெய்ன்ஸ் பயிற்றிய அதே பெர்மியன் பள்ளி ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் மாநிலப் பட்டம் வென்றது. அவ்வணியைப் பற்றி எவரும் திரைப்படம் எடுக்கவில்லை. உலகம் அறிந்தது 1988-இன் தோற்ற அணியைத்தான்.

புறநானூறு கற்பிப்பவர்க்கு இது புதுமையன்று. வெண்ணிப் பறந்தலையில் கரிகாலன் வென்றான். சேரமான் பெருஞ்சேரலாதன் தோற்று, முதுகிற்பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்தான். வென்ற கரிகாலனையே முன்னிலைப்படுத்தி, உன்னினும் அவன் நல்லவனல்லவா என்று வினவினார் வெண்ணிக் குயத்தியார். அவ்வூர்க் குயவர் குடிப் பெண்ணொருவர் வேந்தன் முகத்துக்கு நேரே எழுப்பிய வினா அது. அதைக் கேட்ட வேந்தன் அவரைத் தண்டித்ததாகச் செய்தி இல்லை. நம் பள்ளி கல்லூரி விழா மேடைகளில் இவ்வாறு பேச இன்று யாரேனும் துணிவரா என்பது ஐயமே.

எனினும் தோற்றவரை நினைப்பதிலும் ஒரு சூது உண்டு. ஊர் தன் பெருமையை முதலிற் பிள்ளைகள் தோளில் ஏற்றியது. பின்னர் உலகம் தன் இரக்கத்தை ஏற்றியது. மைல்ஸின் முழங்கால் மட்டும் அவருடையதாகவே இருந்தது.

வர்ஜீனியா மாநிலத்து அலெக்சாண்டிரியா நகரின் டி. சி. வில்லியம்ஸ் பள்ளிக் கதை இன்னும் பரவலாக அறியப்பட்டது. 1971-இல் அந்நகரின் மூன்று உயர்நிலைப் பள்ளிகளின் மேல்வகுப்பு மாணவரனைவரையும் ஒரே பள்ளியிற் சேர்த்தனர். ஹெர்மன் பூன் என்னும் கறுப்பினப் பயிற்சியாளர் தலைமை ஏற்றார். அப்பதவிக்கு உரியவர் எனப் பலர் எண்ணியிருந்த பில் யோஸ்ட் என்னும் வெள்ளையர் அவருக்குத் துணையாகப் பணியாற்ற இசைந்தார். அவ்வணி ஆடிய 13 ஆட்டங்களிலும் வென்றது. அவற்றுள் 9 ஆட்டங்களில் எதிரணி ஒரு புள்ளியும் எடுக்கவில்லை. 2000-இல் வந்த 'ரிமெம்பர் த டைட்டன்ஸ்' திரைப்படத்தைக் கண்டவர்கள் ஒவ்வோர் ஆட்டமும் இறுதி நொடிவரை ஊசலாடியதாக எண்ணுவர். மாநில இறுதியாட்டமே 27-0. மற்றப் பள்ளிகளெல்லாம் வெள்ளையர் பள்ளிகள் என்று படம் காட்டுவதும் பிழை. அவற்றிலும் இரு இனத்தாரும் கலந்தே ஆடினர். அணித் தலைவர் கெரி பெர்டியர் மகிழுந்து விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தது பருவம் முடிந்த பின்னர், டிசம்பரில். படம் அதனை இறுதியாட்டத்துக்கு முன்பாக நகர்த்தி நம் கண்ணீரை வாங்கிக்கொள்கிறது.

கலைக்கு இவ்வுரிமை உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் படம் விட்டுவிட்டவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பூன், ஆட்டக்காரரைக் கடுமையாக நடத்தினார் என்னும் குற்றச்சாட்டுகளுக்கிடையே 1979-இல் பயிற்சிப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். பெர்டியர் சக்கர நாற்காலியில் அமர்ந்தே விளையாட்டுப் போட்டிகளில் வென்று, 1981-இல் மற்றொரு விபத்தில் மறைந்தார். இவற்றினும் பெரிய முரண் பள்ளியின் பெயரிலேயே இருந்தது. டி. சி. வில்லியம்ஸ் என்பவர் அந்நகரின் கல்விக் கண்காணிப்பாளராக நெடுங்காலம் இருந்து, இரு இனத்துப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிப்பதை எதிர்த்தவர். கலப்புக் கல்வி கோரிய வழக்கில் சேர்ந்ததற்காகப் பள்ளி உணவுக்கூடப் பணிப்பெண்ணொருவரை 1958-இல் வேலையிலிருந்து நீக்கியவர். இன ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டென உலகம் போற்றிய அவ்வணி அவருடைய பெயரைத் தாங்கிய பள்ளிக்காகவே ஆடியது! ஐம்பதாண்டு கழித்து, 2021-இல்தான் அப்பெயரை நீக்கி அலெக்சாண்டிரியா நகர உயர்நிலைப் பள்ளி என்று மாற்றினர். பழைய மாணவர் சிலருக்குத் தம் இளமையின் பெயரே அழிக்கப்பட்டதாக வருத்தம் இருந்திருக்கும். அவ்வருத்தம் நமக்குப் புரிகிறது. ஆயினும் மாற்றியது சரியென்பதே நம் கருத்து.

கலிஃபோர்னியாவின் கான்கார்டு நகரிலுள்ள டெ லா சால் பள்ளியின் கதை எண்களின் கதை. 1979-இல் பாப் லாடசூர் பொறுப்பேற்குமுன், தோல்வியினும் வெற்றி மிகுந்த பருவம் ஒன்றுகூட அப்பள்ளிக்கு வாய்த்ததில்லை. அவரே 1992 முதல் தொடர்ந்து 151 ஆட்டங்களில் தம் அணியை வெல்லச் செய்தார். 2004 செப்டம்பரில் சியாட்டில் நகரில் பெல்வியூ பள்ளி 39-20 என்ற கணக்கில் அத்தொடரை அறுத்தது. ஒரு சிறு கணக்கு: தோற்ற அவ்வணியின் பதினேழு வயது மாணவர், தொடர் தொடங்கியபோது ஐந்து வயதுக் குழந்தை. தாம் சேர்க்காத செல்வத்தைக் காக்கும் கடன் அவர் தலையில் விழுந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்த்தான், அவ்வணியில் ஆடிப் பல்கலைக்கழகம் செல்லவிருந்த டெரன்ஸ் கெல்லி என்னும் பதினெட்டு வயது இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். நண்பனைப் புதைத்த கையோடு வந்தவர்களிடம் 152 எங்கே என்று கேட்டது உலகம்.

நம்மவர் பலர் கேள்விப்படாத ஒரு பள்ளியைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல விழைகிறோம். மிச்சிகன் மாநிலத்தில் டியர்போர்ன் என்பது ஃபோர்டு நிறுவனத்தின் ஊர். அந்நிறுவனத்தின் ஆலைகளில் வேலை தேடி வந்த லெபனானியரும் யேமனியரும் பிற அரபு மக்களும் அங்கே தலைமுறைகளாக வாழ்கின்றனர். அவ்வூரின் ஃபோர்ட்சன் உயர்நிலைப் பள்ளியில் மாணவர் பெரும்பாலோர் முஸ்லிம்கள். கால்பந்துக் குழுவும் அவ்வாறே. கால்பந்துப் பயிற்சி தொடங்குவது ஆகஸ்டு மாதக் கடுங்கோடையில். 2010-இல் ரமலான் மாதமும் ஆகஸ்டு 11 அளவில் பிறந்தது. கவசம் பூண்டு ஓடும் பிள்ளைகள் பகல் முழுதும் ஒரு மிடறு நீரும் அருந்தாமல் எவ்வாறு பயில்வது? பயிற்சியாளர் ஃபுவாத் சபான் ஒரு வழி கண்டார். இரவு 11 மணிக்குப் பயிற்சியைத் தொடங்கி விடியற்காலை 4 மணிக்கு முடித்தார். நோன்பு திறந்து, தொழுது, திடலுக்கு வந்து, விளக்கொளியில் ஓடி, சஹர் உணவுக்கு வீடு திரும்பினர் பிள்ளைகள். நோன்பு நோற்காத மாணவரும் அதே இரவில் உடன் ஓடினர் என்பதையும் மறக்கலாகாது.

அப்பள்ளியைப் பற்றி ரஷீத் காஸி என்பார் 2011-இல் ஓர் ஆவணப்படம் வெளியிட்டார். ரமலானின் இறுதிப் பத்து நாள்களில், அதே ஊரின் டியர்போர்ன் பள்ளியோடு நடக்கவிருக்கும் ஆட்டத்திற்கு அணி ஆயத்தமாவதே அதன் பொருள். 2001 செப்டம்பருக்குப் பின் அம்மக்கள் சுமக்க நேர்ந்த ஐயப் பார்வையும் அதில் பேசப்படுகிறது. இச்செய்திகளை அறிந்தபோது நமக்கு மகிழ்ச்சியும் பெருமிதமும் உண்டாயின. உடனே ஓர் உறுத்தலும் உண்டாயிற்று. தாமும் அந்நாட்டின் நல்ல குடிமக்களே என்று மெய்ப்பிக்கும் சுமையை ஒரு சமுதாயம் தன் பதினாறு வயதுப் பிள்ளைகளின் தோளில் வைக்கலாமா? ஒடெசாவின் எண்ணெய்ப் பெருமையைச் சுமந்தவர்க்கும் இவர்க்கும் சுமையளவில் வேற்றுமை என்ன? வேற்றுமை ஒன்று உண்டென்றே நினைக்கிறோம். ஃபோர்ட்சனில், பிள்ளைகள் ஆட்டத்துக்காக நோன்பை விட வேண்டும் என்றோ, நோன்புக்காக ஆட்டத்தை விட வேண்டும் என்றோ பெரியவர்கள் கட்டளையிடவில்லை. கடிகாரத்தை மாற்றினார்கள். நள்ளிரவில் பெரியவர்களும் உடன் விழித்திருந்தார்கள். பிள்ளைகளிடம் ஒன்றைக் கேட்பவர் தாமும் தூக்கத்தை இழக்க ஒப்புக்கொள்ளும்போதே அக்கேள்வி நேர்மையாகிறது.

இத்தனையும் அயல்நாட்டுக் கதைகள். இவற்றை இம்மலரில் எழுதக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நம் இளங்கலை வகுப்பில் ஒரு மாணவர் இருந்தார். நம் நாட்டுக் கால்பந்தில் தேர்ந்தவர். கல்லூரிகளுக்கிடையிலான போட்டியின் அரையிறுதியில் முழங்கால் பிறழ்ந்து களத்திலிருந்து தூக்கிவரப்பட்டார். அணி தோற்றது. மறுநாள் நாம் வகுப்பில் கேட்ட முதல் வினா, ஆட்டம் என்னவாயிற்று என்பதே. ஒருவர் கணக்கைச் சொன்னார். வருந்தி, பாடத்தைத் தொடங்கினோம். அம்மாணவர் மூன்று வாரம் வரவில்லை. வந்த பின்னர் அகமதிப்பீட்டுத் தேர்வு ஒன்று முடிந்திருந்தது. மறுதேர்வு கேட்டார். விதியில் இடமில்லை என்று சொன்னவர் வேறெவருமல்லர், நாமேதான். அடுத்த பருவத்தில் அவர் பெயர் வருகைப் பதிவேட்டில் இல்லை. வடக்கிருந்த சேரலாதனைப் பற்றி அதே வகுப்பில் நெகிழ்ந்து பேசிய நாவும் இதுவே.

ஆகவே நிர்வாகத்தார்க்கும் துறையினர்க்கும் சில வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். போட்டி நாளிலும் காயமுற்ற காலத்திலும் தேர்வு தவறிய ஆட்டக்காரர்க்கு மறுதேர்வு, ஆசிரியரின் இரக்கத்தைப் பொறுத்ததாயிராமல் எழுதிய விதியாக வேண்டும். விளையாட்டுக் கட்டணத்தில் ஒரு பகுதி மருத்துவச் செலவுக்கென ஒதுக்கப்பெற வேண்டும். மொழித்துறைக்கு வரும் தொகை அதனாற் குறைந்தாலும் நாம் முணுமுணுக்க மாட்டோம். மேலும், நடைவழிச் சுவரில் ஆண்டுதோறும் குழுவின் படம் இடம்பெற வேண்டும். கோப்பை இல்லையேல் பந்தை நடுவில் வைக்கலாம். களத்தில் இறங்க வாய்ப்பே கிடைக்காத மாற்று ஆட்டக்காரர் பெயரும் அடியில் வர வேண்டும்.

சென்ற திங்கள் கடைவீதியில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடையொன்றில் அம்மாணவரைக் கண்டோம். எழுந்து நின்று ஸலாம் சொன்னார். எழும்போது ஒரு கையை மேசையில் ஊன்றிக்கொண்டார். பேச்சினிடையே அவ்வாண்டுக் குழுவின் படம் உண்டா என்று கேட்டோம். அரையிறுதிக்கு முந்தைய நாள், திடலோரம் நண்பர் ஒருவர் எடுத்தது வீட்டில் இருக்கிறது, தேடி எடுத்து வைக்கிறேன் ஐயா என்றார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் வருவதாகச் சொல்லியிருக்கிறோம்.