எந்தக் கப்பலில் ஏறுவது?

கடற்கரை மாவட்டத்தில் வாழ்கிறோம் என்பதைத் திருவள்ளூர்க்காரர்களாகிய நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். எண்ணூரில் காமராசர் துறைமுகம். அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். நிலக்கரியும் கொள்கலன்களும் கார்களும் கப்பலேறி இறங்குகின்றன. பயணம் போக விரும்பும் மனிதர்கள் மட்டும் சென்னைத் துறைமுகத்தைத்தான் நாட வேண்டும். 2022 ஜூனில் அங்கிருந்து கார்டீலியா நிறுவனத்தின் எம்பிரஸ் என்னும் சொகுசுக் கப்பல் புறப்படத் தொடங்கிய பின், கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளின் மேற்பார்வையாளர்களும் பணி நிறைவை நெருங்கும் ஆசிரியர்களும்கூடக் கப்பல் சுற்றுலாவைப் பற்றிப் பேசக் கேட்கிறோம். சிங்கப்பூர் வரை விமானத்தில் போய் அங்கிருந்து பத்துப் பதினைந்து நாள் கடலில் சுற்றிவரத் திட்டமிடுவோரும் உண்டு. பணிக்கொடையில் பெரும்பங்கை விழுங்கிவிடும் செலவு இது. வாழ்நாளில் ஒருமுறைதான் செய்ய இயலும். ஆகவே, எந்தக் கப்பலைத் தேர்வது என்னும் கேள்வி அற்பமானதன்று.

ஆனால் அந்தக் கேள்வியை நாம் கேட்கும் முறையில்தான் கோளாறு இருக்கிறது. எத்தனை உணவகங்கள், எத்தனை நீச்சல் குளங்கள், ஆடலரங்கம் உண்டா என்று விளம்பரங்கள் அடுக்குகின்றன. நாமும் அவற்றையே ஒப்பிட்டுப் பார்க்கிறோம். இவையெல்லாம் கரையிலேயே கிடைப்பவை. கரையில் கிடைக்காத ஒன்றுக்காகத்தானே கடலுக்குப் போகிறோம்?

நம் முதல் கேள்வி, இந்தக் கப்பல் எங்கேனும் போகிறதா என்பதாக இருக்க வேண்டும். கேலிக்காகச் சொல்லவில்லை. 2022-இல் சென்னையிலிருந்து விற்கப்பட்ட பயணங்களுள் ஒன்று, ஆழ்கடலில் இரண்டு இரவுகளைக் கழித்துவிட்டு, எந்தத் துறைமுகத்தையும் தொடாமல் சென்னைக்கே திரும்புவது. கடலுக்குள் நகர்த்தி வைக்கப்பட்ட விடுதி என்று அதைச் சொல்லலாம். அதே கப்பல் 2023-இல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கையைச் சுற்றி வந்தது. இரண்டும் ஒரே கப்பல். ஆனால் ஒரே பயணமன்று.

போகும் இடத்தின் பெயரைப் பார்த்தால் மட்டும் போதாது. அங்கே எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதையும் பார்க்க வேண்டும். காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 18 கிலோமீட்டர். 1981-இல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த நூலகத்துக்குள் சென்று, சற்றுநேரம் நின்று திரும்ப அவகாசம் உண்டா? அல்லது பேருந்துச் சன்னல் வழியாக அதன் வெண்ணிற முகப்பைக் கண்டுவிட்டு இரவு உணவுக்குக் கப்பலுக்கு ஓடி வர வேண்டுமா? கால அட்டவணையில் வந்துசேரும் நேரத்துக்கும் புறப்படும் நேரத்துக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிட்டால் விடை கிடைத்துவிடும். விளம்பரப் படங்கள் அதைச் சொல்லமாட்டா.

இரண்டாவது, இடம். கப்பல்களின் அளவைக் குறிக்கும் மொத்த டன் என்பது எடையன்று. உட்புறக் கொள்ளளவைக் குறிக்கும் எண். அதைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒருவருக்கு எவ்வளவு இடம் என்பது தோராயமாகத் தெரியும். 1990-இல் கட்டப்பட்ட எம்பிரஸ் ஏறக்குறைய 48,500 டன், அறைக்கு இருவர் என்று கொண்டால் சுமார் 1,600 பேர், ஆளுக்கு 30. 2024-இல் உலகின் மிகப்பெரிய பயணிகள் கப்பலாக வந்த ஐகான் ஆஃப் த சீஸ், இதே கணக்கில் ஏறக்குறைய 44. அதைவிட மிகச் சிறியதான குயின் மேரி 2 கப்பலிலோ 55. பெரிய கப்பலில் நெரிசல் இராது என்பது மூடநம்பிக்கை என்று இந்த எண்கள் காட்டுகின்றன.

இந்த வகுத்தல் கணக்கைப் பழைய கப்பலொன்றுக்கும் போட்டுப் பார்க்கலாம். 1926-இல் கட்டப்பட்டு, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் எனப் பல்லாண்டு ஓடிய ரஜூலா ஏறத்தாழ எட்டரை ஆயிரம் டன். தளப் பயணிகளாக மட்டும் 5,000 பேருக்கு மேல் ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. ஆளுக்கு இரண்டு டன்கூட இல்லை. அதில் மலேயாவுக்குப் போன நம் மக்கள் உல்லாசத்துக்குப் போகவில்லை, பிழைக்கப் போனார்கள். இடம் என்பது எவ்வளவு பெரிய செல்வம் என்பதை ரஜூலா நினைவூட்டுகிறது.

மூன்றாவதுதான் நாம் தலையாயதாகக் கருதுவது: பொழுது. நெடும்பயணத்தின் பெருங்கொடை, கரையே தெரியாத நாட்கள். 1937 அக்டோபர் 2 அன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் சென்றுகொண்டிருந்த சமாரியா கப்பலில்தான் ஏ.கே. செட்டியாருக்குக் காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் பிறந்தது. 1940-இல் படம் வெளிவந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒலிபெருக்கியில் போட்டிகளும் பரிசுகளும் அறிவிக்கப்படும் கப்பலில் அவர் போயிருந்தால் அந்த எண்ணம் வந்திருக்குமா என்பது ஐயமே. எனவே, அமைதியாக உட்கார இடமுண்டா, நூலகம் இருக்கிறதா, நடந்து சுற்றிவரத் திறந்த தளம் உண்டா என்று விசாரியுங்கள்.

அந்தப் பொழுதைக் குமட்டல் தின்றுவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கப்பலின் நடுப்பகுதியில், தாழ்ந்த தளத்திலுள்ள அறைகளில் ஆட்டம் குறைவு. பேருந்தின் கடைசி இருக்கையில் அமர்ந்து ஊத்துக்கோட்டை போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உயரத்துப் பால்கனி அறைக்குக் கூடுதல் கட்டணம் கட்டுவோர் கூடுதல் ஆட்டத்தையும் சேர்த்தே வாங்குகிறார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடல் புயற்காலம் என்பதும் நமக்குத் தெரிந்ததே.

இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். கப்பலைத் தேர்வது வெறும் வசதி பற்றிய காரியமாக நம் நாட்டில் எப்போதும் இருந்ததில்லை. 1906-இல் வ.உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கி, 1907-இல் காலியா, லாவோ என்னும் கப்பல்களைத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடச் செய்தபோது, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. இலவசமாகவே ஏற்றிச் செல்லவும் துணிந்தது. போதாதென்று குடையும் கொடுத்ததாகச் சொல்வர். அன்று காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியவன், கப்பல் யாருடையது என்று கேட்டவன்.

இன்றைக்கு அந்தக் கேள்வி, கப்பலில் உழைப்பவர் யார் என்பதாக மாறியிருக்கிறது. நம் தட்டில் சோறு வைப்பவரும் அறையைப் பெருக்குபவரும் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உழைக்கிறார்கள்? 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, ஏழு நாளில் 72 மணி நேரம் வரை வேலை வாங்க இடமளிக்கிறது. நம் தொழிற்சாலைச் சட்டம் 1948-லேயே வகுத்த வார வரம்பு 48 மணி நேரம். கும்மிடிப்பூண்டி ஆலைகளில் மிகைநேரக் கூலிக்காக வாதாடியவர்கள் விடுமுறைக்குக் கப்பலேறும்போது இந்த வேறுபாட்டை எண்ணிப் பார்ப்பது நல்லது. ஊழியர்க்கான அன்பளிப்புத் தொகை கட்டணத்தில் அடக்கமா, தனியா என்பதும் சில்லறை விஷயமன்று.

உழைத்துக் களைத்தவர்கள் சற்றுச் சொகுசாக இருக்க விரும்புவதில் என்ன பிழை என்று கேட்கலாம். பிழையொன்றும் இல்லை. பிள்ளைகளோடு போகும் குடும்பத்துக்கு நீச்சல் குளமும் வேண்டும்தான். ஆனால் கடலே வேண்டுமென்பவர்கள், சென்னையிலிருந்து அந்தமானுக்குப் போகும் அரசுக் கப்பலை ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம். ஏறத்தாழ மூன்று நாள். ஆடலரங்கம் இல்லை, எளிய சாப்பாடு, சுற்றிலும் நீலம். அது பிடித்திருந்தால் பதினைந்து நாள் பயணத்துக்குத் துணியலாம். பிடிக்கவில்லையென்றால் பணிக்கொடை தப்பியது.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இல் எழுப்பிய கெல்திரியாக் கோட்டை சிதைந்து புதர் மண்டிக் கிடக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் அந்தத் துறையிலிருந்து துணி மூட்டைகளோடு அடிமைகளாக்கப்பட்ட மனிதர்களும் பத்தாவியாவுக்கு ஏற்றப்பட்டார்கள். கப்பல் எங்கே போகிறது, எத்தனை பேர், எத்தனை நாள் என்று கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை. இதே கரையில், கட்டணம் கட்டி, நாள் குறித்து, அறை எண் கேட்டுக் கப்பலேறும் நமக்கு அந்த உரிமை இருக்கிறது. அதை நீச்சல் குளங்களை எண்ணுவதில் மட்டும் செலவிட வேண்டாமே என்பதுதான் நாம் சொல்ல வந்தது.