சோடிக் கணக்கும் மீன் கணக்கும்

அவிசாவளையிலிருந்து அட்டனுக்கு ஏறும் பாதையில் கினிகத்தேனையைக் கடக்கும்போதெல்லாம் நண்பர் ஒருவரின் வீட்டில் தேநீர் அருந்திச் செல்வது என் வழக்கம். அண்மையில் சென்றபோது, கூடத்திலிருந்த கண்ணாடித் தொட்டியில் நீரைவிட மீனே அதிகமாகத் தெரிந்தது. நான்கு ஆண், நான்கு பெண் எனச் சோடி சேர்த்து எட்டுக் கப்பி மீன்களை வாங்கினாராம். அரையாண்டுகூட ஆகவில்லை.

"எண்ண முடியவில்லை அண்ணே. மிச்சத்தை ஓடையில் விட்டுவிடப் போகிறேன். பாவம், அவையாவது பிழைத்துப் போகட்டும்" என்றார்.

அவருடைய இரக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த முடிவு தவறானது. அதற்கு முன்பே தொடங்கிவிட்ட தவறு, அந்தச் சோடிக் கணக்கு.

கப்பி, மொலி, பிளாட்டி, வாள்வால் ஆகியவை முட்டையிடாமல் குஞ்சு ஈனுபவை. புறாவைப் போலச் சோடி வாழ்க்கை அறியாதவை. ஆண் மீன் ஓயாது பெண்ணைத் துரத்தும். கப்பியின் தாயகங்களுள் ஒன்றான டிரினிடாட்டின் ஆறுகளில், பெண் மீன்கள் ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு முறை இத்தொல்லைக்கு ஆளாவதை 1990களில் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். ஆற்றிலே ஒதுங்க இடமுண்டு. இரண்டடித் தொட்டியில் எங்கே ஒதுங்குவது? இரை தேடவும் நேரமின்றிப் பெண் மீன் மெலிந்துபோகும். ஆகவேதான் ஓர் ஆணுக்கு இரண்டு அல்லது மூன்று பெண்கள் என்று அனுபவசாலிகள் கூறுவர். துரத்தல் பலர்மேல் பகிர்ந்துவிடும்.

நாமோ நேர்மாறாக வாங்குகிறோம். வண்ணமும் விசிறி வாலும் ஆணுக்கே உரியவை. பெண் பெருத்து, நிறம் மங்கியிருக்கும். வயிற்றின் கீழுள்ள துடுப்பைப் பார்த்தால் ஐயமே எழாது. குச்சிபோல் நீண்டிருந்தால் ஆண். விசிறிபோல் விரிந்து, அதனருகே கரும்புள்ளி தெரிந்தால் பெண்.

இத்துடன் பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். நான் அப்படி நிறுத்த மாட்டேன். இரண்டு ஆண், ஆறு பெண் என்று முறைப்படியே வைத்தாலும், ஒவ்வொரு பெண்ணும் ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ஈனும். ஈற்றுக்கு இருபது குஞ்சு என்று கொண்டால், மாதம் நூற்றிருபது. தாயே சிலவற்றைத் தின்றுவிடும் என்றாலும், எஞ்சுபவை போதும் தொட்டியை நிரப்ப. பெண்களை மட்டும் வைத்தால் தப்பலாமா? அதுவும் இயலாது. ஒருமுறை சேர்ந்த ஆணின் விந்தைப் பெண் உடலுக்குள் பல மாதம் சேமித்து வைத்து, ஆணே இல்லாமல் மீண்டும் மீண்டும் ஈனும். ஒற்றைப் பெண் கப்பியால் ஒரு புதிய கூட்டத்தையே உருவாக்க முடியும் என்பதை 2011இல் வெளியான ஆய்வொன்று சோதித்தே காட்டியது.

இப்போது நண்பரின் ஓடைக்கு வருவோம். கெசல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கூடிக் களனி கங்கையாகும் பூமி இது. சிங்களத்தில் 'லே தித்தயா' எனப்படும் செர்ரி பார்ப், வெற்றிலை மென்றாற்போல் தலை சிவந்த 'புலத் ஹப்பயா' முதலியவை இலங்கையின் ஈரவலய ஓடைகளன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாதவை. அந்த நீரில் கப்பியை விடுவது, அவற்றின் இரைக்கும் இடத்துக்கும் போட்டியை விடுவதாகும். தொட்டியின் நோயும் உடன் போகும்.

"கான்களில் ஏற்கெனவே கப்பி இருக்கிறதே" என்றார் நண்பர். உண்மைதான். நுளம்புப் புழுவைத் தின்னும் என்று நம்பி உலகின் பல நாடுகளில் கப்பியை விட்டார்கள், இலங்கையும் விலக்கல்ல. 1934–35இல் மலேரியா ஏறத்தாழ எண்பதாயிரம் உயிர்களைக் குடித்த நாட்டில் அந்த நம்பிக்கையைப் பழிக்க எனக்கு மனமில்லை. ஆனால் 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டுவிட்டது. இன்று நாம் ஓடையில் விடுவது நோயை ஒழிக்க அல்ல. நம் தொட்டியைக் காலியாக்க.

ஆகவே என் கருத்து இது. ஆணுக்கு எத்தனை பெண் என்பதற்கு முன், பிறக்கும் குஞ்சை என்ன செய்வோம் என்று கேட்க வேண்டும். அழகுக்காக மட்டும் வளர்ப்பவர் ஆண் கப்பிகளை மட்டுமே வாங்கட்டும். நீர்ச்செடி அடர்ந்திருந்தால் சச்சரவு குறையும். (ஆண் வாள்வால்கள் கடுமையாகச் சண்டையிடும், அவற்றுக்கு இந்த யோசனை பொருந்தாது.) இனப்பெருக்கத்தை விரும்புபவர் ஒன்றுக்கு மூன்று என்று வைத்து, ஒரு மாதம் கடந்த குஞ்சுகளில் ஆணையும் பெண்ணையும் வேறு தொட்டிகளில் பிரிக்கட்டும். மிஞ்சியவற்றைக் கடைக்கோ, வளர்க்கும் பிள்ளைகளுக்கோ கொடுக்கலாம். ஓடைக்கு மட்டும் வேண்டாம்.

நண்பர் அன்று ஓடைக்குப் போகவில்லை. இரண்டாவது தொட்டியொன்று வாங்கப் பணம் எண்ணிக்கொண்டிருந்தார். முதலில் வாங்கியிருக்க வேண்டியது அறிவு. அதற்குச் செலவே இல்லை.