பாட்டுக் கேட்டு ஜப்பான் மொழி வருமா?



போன வாரம், என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். "சார், மக நர்சிங் முடிச்சிட்டா. ஜப்பானுக்கு வயசானவங்களப் பாத்துக்கிற வேலைக்குப் போகணும்கிறா. ஆனா படிக்கிற மாதிரியே தெரியல. காதுல மாட்டிக்கிட்டு எந்நேரமும் ஜப்பான் பாட்டுத்தான். போனைப் புடுங்கிரட்டுமா?" என்றான்.

வேண்டாம் என்றேன். நம் சிலமலைப் பக்கமிருந்து விடியக்காலையில் ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்கள் எந்தப் புத்தகத்தில் மலையாளம் படித்தார்கள்? எல்லாம் காதால் வந்ததுதான். ஆனால் அவர்களில் பலருக்குப் பூப்பாறையில் நிற்கிற பஸ்ஸின் போர்டைப் படிக்கத் தெரியாது. தோட்ட வேலைக்கு அது தடையில்லை. இந்தப் பெண்ணுக்குத் தடை. 2019இல் ஜப்பான் கொண்டுவந்த திறன் பணியாளர் விசாவுக்கு ஜே.எல்.பி.டி. தேர்வில் என்4 நிலையோ, அதற்கு ஈடான அடிப்படைத் தேர்வோ தேறியாக வேண்டும். பராமரிப்பு வேலை என்றால் அதற்கென மொழித் தேர்வு தனி.

அவள் நோட்டை வாங்கிப் பார்த்தேன். அழகான கையெழுத்து. ஆனால் பாட்டு முழுவதும் தமிழ் எழுத்தில்! கோளாறு அங்கேதான்.

ஓய்வு பெற்றபின் பொழுதுபோகாமல் நானும் ஹிரகானா எழுதிப் பழகினேன். மொத்தம் 46 எழுத்து, நம் 247-க்கு முன் எம்மாத்திரம்? அந்த மொழியிலும் வினை கடைசியில்தான் வரும். குறில் நெடிலும் உண்டு. 'ஒபஸன்' என்றால் அத்தை, 'ஒபாஸன்' என்றால் பாட்டி. ஆனால் நமக்கு ஒற்றுக்கு அரை மாத்திரை. அவர்களுக்கு 'ன்' தனியாக வந்தாலும் ஒரு முழுத் தட்டு. பாட்டில் பெரும்பாலும் அதற்கும் ஒரு ஸ்வரம் கொடுத்துவிடுவதால், இதை வகுப்பறையைவிடப் பாட்டு நன்றாகச் சொல்லித்தரும். அதே பாட்டு, மெட்டுக்காகக் குறிலையும் இழுக்கும். அப்போது அத்தையா பாட்டியா என்பதை எழுத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

இன்னொன்று. பாட்டில் அடிக்கடி வரும் 'கிமி' நம் 'நீ' மாதிரி. எண்பது வயது அம்மாளைக் கவனிக்கப் போகிறவள் அவரை அப்படி அழைத்தால் என்ன ஆகும்? பெயரோடு 'ஸன்' சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும். மரியாதைப் பேச்சுக்கு வகுப்பும் ஆசிரியரும் வேண்டும். சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் மையம் பல வருடங்களாக ஜப்பானிய மொழி நடத்துகிறது.

வேகமான பாட்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டு, 1961இல் கியூ சகமோட்டோ பாடிய, வெளிநாட்டார் 'சுகியாகி' என்று பெயர் வைத்த பாட்டை எடுக்கச் சொன்னேன். 1963இல் அமெரிக்காவிலேயே முதலிடம் பிடித்தது. (சுகியாகி என்பது ஒரு மாட்டிறைச்சிச் சமையல். பாட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை!) ஒரு நாளைக்கு இரண்டு வரி. முதலில் கேட்க வேண்டும், பிறகு ஹிரகானாவில் எழுத வேண்டும், கையால் தட்டி எண்ண வேண்டும். வாய்ப்பாட்டை நாம் ராகம் போட்டுப் படித்துவிட்டுச் சிலேட்டிலும் எழுதினோமே, அது போலத்தான்.

ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு வரச் சொல்லியிருக்கிறேன். உட்கார்ந்து எழுதினாளா, ஜீப்பில் வரும்போது கிறுக்கினாளா என்று கையெழுத்தே சொல்லிவிடும். அது உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதானே!