பாளை ஒருவனுக்கு, பெயர் இன்னொருவனுக்கா?

பிரான்சின் ஷாம்பேன் பிரதேசத்தில் உருவாகாத திராட்சை மதுவை ஐரோப்பாவில் எவரும் ‘ஷாம்பேன்’ என விற்க முடியாது, சட்டம் தடுக்கும். இலங்கைக் கறுவாவும் 2022இல் அங்கே புவிசார் குறியீட்டுக் காப்பைப் பெற்றுவிட்டது. தென்னங்கள்ளிலிருந்து வடிக்கும் நமது சாராயத்தின் கதி என்ன? கரும்புக் கழிவுப்பாகில் வடித்த மதுசாரம் கலந்த போத்தலும் சாராயம் என்ற அதே பெயரோடு சந்தைக்கு வருகிறதே!

மட்டக்களப்பு வாவிக்கரையில் உயிரைப் பணயம் வைத்து மரமேறுபவன் அனுமதிப்பத்திரமின்றிப் பாளை சீவினால், 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி குற்றவாளி. கலந்து விற்கும் முதலாளிக்கோ அதே சட்டம் அனுமதிப்பத்திரம் வழங்குகிறது!

குடியை வளர்க்க நாம் வாதாடவில்லை. உழைப்பின் பெயரைக் காக்கவே வாதாடுகிறோம். தென்னங்கள்ளில் மட்டும் வடித்ததற்கே அப்பெயர் உரியது என்று சட்டம் இயற்றுக! அதுவரை நாம் ஓயோம்.