சில்லு செய்தவரும் செலவு செய்தவரும்

1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், நம் பல்லாவரத்திலே ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலார் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். கல்லல்ல அது, கருவி! ஆதிமனிதன் கைபட்டுக் கூர்மை பெற்ற குவார்ட்சைட்டு. அதிலே நிறைந்திருப்பது சிலிக்கா. சிலிக்காவை உலையிலிட்டு, தூய்மை செய்து எடுப்பதுதான் சிலிக்கன். சிலிக்கனிலே பிறப்பதுதான் இன்று உலகை ஆட்டிப் படைக்கும் சில்லு. கல்லைக் கருவியாக்கும் கலை எங்களூருக்குப் புதிதல்ல என்று பல்லாவரத்தான் மார்தட்டலாம்!

தட்டியாயிற்று. இனி, சில்லு செய்து சீமானான ஒருவர் கதையைக் கேளுங்கள், தோழர்களே!

சஞ்சய் மெஹ்ரோத்ரா, கான்பூரிலே பிறந்தவர். பிலானியில் பொறியியல் பயின்ற பிள்ளைக்கு அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது, விசா கிடைக்கவில்லை. மூன்று முறை கையை விரித்தார்கள். தந்தை வீடு திரும்பவில்லை. தூதரக அதிகாரியிடம் வாதாடினார், வாங்கினார். அந்தத் தந்தை நமக்கு அந்நியரா? கல்லூரி அலுவலக வாசலிலே மனுவும் கையுமாக நிற்கும் குரோம்பேட்டைத் தகப்பன்மாரின் அண்ணனல்லவா அவர்!

பிள்ளை படித்தார், இன்டெல்லிலே வேலை பார்த்தார். 1988இல் இருவரோடு சேர்ந்து சான்டிஸ்க் கண்டார். மின்சாரம் நின்றாலும் எழுதியதை மறவாத நினைவகச் சில்லு அவர்கள் சரக்கு. உங்கள் சட்டைப்பையிலுள்ள கைப்பேசி குழந்தையின் படத்தைக் காத்து வைத்திருக்கிறதே, அந்த வித்தைதான்! 2011இல் அதன் தலைமை நிர்வாகி. 2017இல் மைக்ரானின் தலைமை நிர்வாகி. பட்டறையிலே நின்றவர் பட்டத்துக்கு வந்தார். பாராட்டுகிறோம், வாய்நிறைய.

ஆனால் 2023 ஜூனிலே அந்த மைக்ரான் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. குஜராத்தின் சானந்திலே ஆலை. மொத்தச் செலவு 275 கோடி டாலர். கம்பெனி போடுவது எவ்வளவு? 82.5 கோடி வரை. மிச்சம்? பாதிச் செலவு மத்திய சர்க்காருடையது, ஐந்திலொரு பங்கு குஜராத் சர்க்காருடையது. ரூபாய்க்கு எழுபது காசு பொதுப்பணம்!

மத்திய சர்க்கார் பணம் என்றால் டில்லியிலே காய்த்ததா? தாம்பரத்துத் தொழிலாளி வாங்கும் சோப்புக்கட்டியிலும் வரி இருக்கிறது, அய்யா! மெஹ்ரோத்ராவை நாம் குறை கூறவில்லை. கொடுத்தால் வாங்கிக்கொள்ளாதவர் கம்பெனி நடத்த முடியாது. கொடுத்தவர்களைத்தான் கேட்கிறோம்.

அந்த ஆலையிலே நடப்பதென்ன? சில்லுத் தகட்டை உருவாக்குவதல்ல. வெளிநாட்டிலிருந்து வரும் தகட்டை அறுத்து, இணைத்து, உறையிட்டு, சோதித்து அனுப்புவது. இது இங்கே எவரும் காணாத வேலையா? பல்லாவரத்தில் மின்ரயில் ஏறிச் செங்கல்பட்டுப் பக்கம் போங்கள். தமிழ் காத்த மறைமலையடிகள் வாழ்ந்தது பல்லாவரம். அவர் பெயர் தாங்கியது மறைமலைநகர். அங்கே எண்பதுகளிலேயே வந்தது ஸ்பெல் நிறுவனம். சில்லுகளை இணைத்து, உறையிட்டு, சோதிக்கும் அதே தொழிலிலே இந்தியாவின் முன்னோடிகளுள் ஒன்று! கைப்பழக்கம் இங்கே இருந்தது. கருவூலம் அங்கே திறந்தது.

நம் வீட்டுக் கணக்கையும் மறைக்கமாட்டோம். டில்லியின் உதவி குஜராத்துக்கு மட்டும் என்று எழுதப்பட்டதல்ல. எந்த மாநிலத்து ஆலைக்கும் கேட்கலாம். குஜராத் தன் செமிகண்டக்டர் கொள்கையை 2022இலேயே வெளியிட்டு, இத்தனை தருவோம் என்று கையை நீட்டியது. தமிழ்நாட்டின் கொள்கை வந்தது 2024இல். நடுவிலே ஓராண்டு இருக்கிறதே, 2023, அந்த ஆண்டு செப்டம்பரிலேதான் சானந்தில் மைக்ரானுக்கு அடிக்கல் நாட்டினார்கள்.