வாடகை வரும், கணக்கு வருமா?

“வாடகையிலேயே தவணை அடைந்துவிடும் சார்!” சென்னைப் புறநகரின் மாதிரி வீட்டில் நின்று விற்பனையாளர் இப்படிச் சொன்னால், தலையாட்டுவதற்கு முன் கைப்பேசியை எடுத்துக் கணக்குப் போடுங்கள். 60 லட்சம் ரூபாய் வீட்டுக்கு மாத வாடகை 16,000 என்றால், ஆண்டுக்கு 1.92 லட்சம், வெறும் 3.2 சதவீதம். 45 லட்சம் கடனுக்கு, 8.5 சதவீத வட்டியில், 20 ஆண்டுத் தவணை மாதம் சுமார் 39,000. துண்டு விழும் 23,000 உங்கள் சம்பளத்திலிருந்துதான் போகும். பத்திரச் செலவு, சொத்து வரி, கோடையில் எரிந்துபோகும் தண்ணீர் மோட்டார், ஆள் மாறும்போது வெள்ளையடிப்பு, பூட்டிக் கிடக்கும் இரண்டு மாதம் எல்லாம் தனி. இப்படி மறைந்திருக்கும் செலவுகளை அறிய, வாங்குமுன் அதே தெருவில் குடியிருப்பவரிடம், “மே மாசம் தண்ணி லாரிக்கு எவ்வளவுங்க?” என்று கேளுங்கள். குடிவருபவர் தரும் பத்து மாத அட்வான்ஸை நம்பித் திட்டம் போடாதீர்கள். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் முன்பணத்துக்கு வைத்திருக்கும் பொது அளவு மூன்று மாத வாடகை. மாதா மாதம் விழும் துண்டைத் தாங்க முடியாதவர், இப்போதைக்கு வாடகைக்குக் குடியிருப்பதில் நஷ்டமொன்றுமில்லை.